இடது கைக்கு வெறும் எண்ணெய்

ஆய்வகத்திலும் வீட்டிலும் அவளுக்கு மூக்கி என்று பெயர். மூக்கு நீளம் என்பதால் அல்ல, கூப்பிடாத இடத்திலெல்லாம் அதை நுழைப்பாள் என்பதால். இப்போது அது யூகலிப்டஸ் எண்ணெய்க்குள் நுழைந்திருந்தது. அதிலுள்ள சினியோல் என்ற பொருள் வீக்கத்தைத் தணிக்குமா என்று பார்க்க வேண்டும்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசையாகக் குழிகள், குழிக்குள் உயிருள்ள செல்கள். சீண்டிவிட்டால் அவை வீக்கத்தைத் தூண்டும் பொருளைக் கக்கும். எல்லாவற்றையும் சீண்டிவிட்டு, பாதிக் குழிகளில் எண்ணெய் விட்டாள், மீதியில் விடவில்லை. மேலே ஒரே மூடியைப் போட்டு வைத்தாள். எண்ணெய் விட்ட குழிகள் சாதுவாக இருந்தன. கஷ்டம் என்னவென்றால், விடாத குழிகளும் அப்படியே இருந்தன.

"எண்ணெய் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லேன்னாலும் ஒண்ணுதான். இதை விட்டுட்டு வேற வேலையப் பாரும்மா," என்றார் பேராசிரியர்.

அவளால் விட முடியவில்லை. காரணம் அண்ணி. அண்ணி தையல்காரி. இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கி, கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் போக அடம்பிடித்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரையோடு யூகலிப்டஸ் கலந்த எண்ணெயையும் தேய்த்து வந்தாள்.

"வலி இதுக்குக் கேக்குதா, இல்ல கேக்குற மாதிரி நானே நெனச்சுக்கறேனா? உள்ளதைச் சொல்லிடு மூக்கி. கேக்கலன்னா கடைய மூடிடறேன்."

"எல்லாம் மனப்பிராந்தி," என்றான் அண்ணன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூக்கிக்குக் கை பரபரத்தது. வலது கைக்கு யூகலிப்டஸ் கலந்தது, இடது கைக்கு வெறும் எண்ணெய் என்று பிரித்துக் கொடுத்தாள். சில வாரம் கழித்துக் கேட்டால், இரண்டு கையும் ஒரே மாதிரி தேவலை என்றாள் அண்ணி. மூக்கியின் முகம் தொங்கிப் போயிற்று. அண்ணன் சொன்னதுதான் சரி என்று எந்த வாயால் சொல்வது? அண்ணி அப்போது வலது கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! எதால தேய்க்கறீங்க?"

"கையாலதான். பின்ன என்ன, காலாலயா தேய்ப்பாங்க?"

வலது கைக்கு இடது கைதான் தேய்க்கிறது. தினமும் அதுவும் மணக்க மணக்க எண்ணெய் குடித்திருக்கிறது! மூக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. தட்டுக்கும் இதே கதைதானே? மூக்குவரை ஏறிவரும் வாசனைக்கு அடுத்த குழி என்ன தூரம்? ஒரே மூடிக்குள் ஆவியாகி ஏறி, அக்கம்பக்கத்துக் குழிகளிலும் இறங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் தனித்தனித் தட்டு, தனித்தனிப் பெட்டி. எண்ணெய் வாடையே படாத செல்கள் கக்கித் தள்ளின. எண்ணெய் பட்டவை பெட்டிப் பாம்பாய் அடங்கியிருந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "சரி, நுழைச்ச மூக்கை எடுக்காதே," என்றார் பேராசிரியர்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னாள். "தட்டுல இருக்கற செல்லுக்குக் கேக்குது அண்ணி. உங்க கைக்குக் கேக்குதான்னு இன்னும் தெரியாது. மறுபடி பாக்கணும். இந்தத் தடவை நீங்க தேய்க்கக் கூடாது."

வலது கைக்கு மூக்கி, கையுறை மாட்டிக்கொண்டு. இடது கைக்கு வெறும் எண்ணெயோடு அண்ணன். "நான் பாட்டுக்குச் சிவனேன்னு இருந்தேன், என்னை ஏன் இழுக்கறே?" என்று முனகிக்கொண்டே பேப்பரை மடித்தான். முதல் நாள் கடமைக்குத் தேய்த்தான். அப்புறம் ஒவ்வொரு முட்டியாகத் தொட்டு, "இங்கயா வலிக்குது?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தான்.

சோதனை முடிந்த அன்று மூக்கி கேட்டாள். "இப்ப சொல்லுங்க அண்ணி, எந்தக் கை தேவலை?"

அண்ணி இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"இடதுதான்."

வெறும் எண்ணெய்! மூக்கி தலையில் அடித்துக்கொண்டாள். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். எண்ணெயையும் மாத்திட்டேன், ஆளையும் மாத்திட்டேன். இப்ப எதால குணமாச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"மறுபடி பாரு. மெதுவாவே பாரு," என்றாள் அண்ணி. "நான் கடைய மூடப் போறதில்ல."

அண்ணன் நாற்காலியைத் தூக்கி அண்ணியின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தான்.