ஓட்டத்துக்கு உகந்ததல்ல

முத்துலிங்கத்தின் முதல் அடி கன்னத்தில் விழவில்லை, காதில் விழுந்தது. அதனால் அடுத்து அவர் கத்தியதில் பாதி ஜெயந்தனுக்குக் கேட்கவேயில்லை. கொட்டிலுக்குள் நின்ற வெள்ளைக் காரின் கதவோடு சாய்ந்து நின்றான். கராஜில் எழுதிக் கொடுத்த பத்திரம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"ஓட்டத்துக்கு உகந்ததல்ல எண்டு எழுத அவன் ஆரடா? முப்பத்திமூண்டு வருசத்துக் கார். ஒருநாளாவது றோட்டில நிண்டிருக்கா? நீயே சொல்லு."

"இல்லை முதலாளி. என்ஜின் நல்லாத்தான் இருக்கு. பிறேக்தான்..."

முத்துலிங்கம் குனிந்து ரயர் கழற்றுகிற கம்பியை எடுத்தார். ஜெயந்தன் தோளைத் திருப்பிக்கொண்டதால் அடி முதுகில் விழுந்தது. மூச்சு நின்றுபோய் முழங்காலில் இருந்தான். கொட்டிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில் அவன் மனைவி சிவரூபி அரிசிச் சுளகோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையும் முத்துலிங்கத்தின் வளவுக்குள்தான் இருந்தது.

"தோட்டக்காட்டான் எனக்குக் கார் படிப்பிக்க வந்திட்டான்" என்று அவனுடைய மலையகப் பூர்வீகத்தைக் குத்திச் சொல்லிக் கம்பியை எறிந்துவிட்டு அவர் போனார்.

கிளிநொச்சியில் கலியாணக் கார் என்றால் அது முத்துலிங்கத்தின் கார்தான். ஜெர்மன் கார். யுத்தம் முடிந்த கையோடு கொழும்பில் ஒரு டொக்டரிடம் வாங்கிக் கொண்டுவந்தார். தோல் இருக்கை, மரப்பலகை பதித்த டாஷ்போட், கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுவது மாதிரி ஒரு சத்தம். பரந்தனில் இருந்து மாங்குளம் வரைக்கும் எத்தனையோ வீட்டு அல்பங்களில் அந்தக் கார் நிற்கிறது. ஒன்பது வருசமாய் அதை ஓட்டியது ஜெயந்தன். அதன் நோயெல்லாம் அவனுக்குத் தெரியும்.

இந்த வருசம் காப்புறுதிக் கொம்பனி, வாகனம் பழையது, ஒரு பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று கேட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஜெயந்தன்தான் காரைப் பரமேஸ்வரனின் கராஜுக்குக் கொண்டுபோனான். பரமேஸ்வரன் காரை மேலே தூக்கி, கீழே நின்று ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவனையும் கூப்பிட்டார். பின் சக்கரத்துக்குப் போகிற பிறேக் பைப் கறள் பிடித்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற அளவில் இருந்தது. பிறேக் பம்பில் கசிவு. முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் கொழுவியிருந்த மூட்டு கடகடவென்று ஆடியது.

"இது ஓடும் ஜெயந்தன், அதில பிரச்சினை இல்லை. நிக்கத்தான் மாட்டாது" என்றார் பரமேஸ்வரன். "சாமான் கொழும்பில இருந்து வரோணும். ரெண்டு கிழமையெண்டாலும் ஆகும். அதுவரைக்கும் இதை வளவை விட்டு வெளியில எடுக்க விடாதையுங்கோ."

வெள்ளிக்கிழமை கலியாண ஓட்டம் இருந்தது. உருத்திரபுரத்துச் சாரங்காவுக்கும் ஒட்டுசுட்டான் நிருஷனுக்கும் கலியாணம். பொம்பிளையை உருத்திரபுரத்தில் ஏற்றி ஒட்டுசுட்டான் மண்டபத்தில் இறக்கவேண்டும். ஆவணி மாதத்தில் முகூர்த்தத்துக்கு வேறு கார் தேடிப் பிடிக்க முடியாது என்றும், சொன்ன கார் போகாவிட்டால் இனி ஒருத்தனும் தன்னைக் கூப்பிடமாட்டான் என்றும் முத்துலிங்கம் நினைத்தார். பிறேக் ஒயிலை நிரப்பி, பைப்பில் கசிகிற இடத்தில் றபர் சுற்றச் சொன்னார். ஜெயந்தன் மாட்டேன் என்றான். அவரே சுற்றினார்.

வெள்ளி விடிய, சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நான் ஓட மாட்டன் முதலாளி."

இந்த முறை அவர் அடிக்கவில்லை. "நான் வாறதுக்கிடையில அறையைக் காலி பண்ணிப் போடு" என்று சொல்லிவிட்டுத் தானே ஏறிக் காரை எடுத்தார். நெற்றியில் விபூதி, வெள்ளைச் சேட்டு, காரின் மூக்கில் மல்லிகை மாலை. பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திராது.

சிவரூபி கேட்டாள்: "பொம்பிளை வீட்டுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அவையின்ர நம்பர் இருக்குத்தானே?"

இருந்தது. எத்தனை மணிக்கு வருவீங்கள் என்று கேட்டுச் சாரங்காவே இரண்டு தரம் எடுத்துக் கதைத்திருந்தாள். ஜெயந்தன் போனை எடுத்தான். சொன்னால் கலியாணம் குழம்பும். முத்துலிங்கம் ஊர் முழுக்க, டிறைவர் பொறாமையில் கெடுத்தான் என்பார். மாமி வீட்டைத் தவிரப் போவதற்கு இடமில்லை. பிறகு வேறொருவரும் அவனை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். போனைப் பொக்கற்றில் வைத்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உருத்திரபுரம் போய், சந்தியில் நின்று, கார் வந்ததும் அதன் பின்னால் வெளிக்கிட்டான். பின்னால் போவதால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியவில்லை.

முறிகண்டியில் கார் நிற்கவில்லை. யாரும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகாத இடம். நிற்கப் பயந்துதான் முத்துலிங்கம் போகிறார் என்று ஜெயந்தனுக்கு விளங்கியது. மாங்குளம் சந்தியில் திரும்பும்போது பிறேக் லைற் எரிந்தது, கார் வேகம் குறையவில்லை. குறுக்கே வந்த பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கியது. பின் சக்கரத்தில் இருந்து ஒரு ஈரக் கோடு தார் றோட்டில் இழுபட்டுக்கொண்டு போனது. றபர் விட்டுவிட்டது.

அப்போதுதான் அவன் அக்சிலேற்றரை முறுக்கினான். காட்டுக்கு நடுவில் நேரான றோட்டு. காருக்குப் பக்கத்தில் வந்து கையைக் காட்டிக் கத்தினான்.

"கியரைக் குறையுங்கோ! ஹேன்ட் பிறேக்கை மெல்ல இழுங்கோ! காட்டுப் பக்கம் விடுங்கோ!"

பின் இருக்கையில் சாரங்கா அவனைப் பார்த்தாள். கலியாணக் கார் டிறைவராய்த் தெரிந்த முகம் என்பதால் சிரித்தாள். முத்துலிங்கம் அவனைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போய் ஸ்ரேரிங்கை அவன் பக்கம் வெட்டினார். காரின் பக்கம் காலில் இடித்தது. மோட்டார் சைக்கிள் றோட்டோரக் கிறவலில் ஏறிச் சரிந்தது. ஜெயந்தன் தோளில் விழுந்து உருண்டு ஒரு பாலை மரத்தடியில் கிடந்தான். எழும்பியபோது முழங்கால் கிழிந்து எலும்பு வெள்ளையாய்த் தெரிந்தது. சைக்கிளை நிமிர்த்தி மறுபடி ஏறினான்.

அவன் போய்ச் சேர்வதற்கு முன் எல்லாம் முடிந்திருந்தது.

மண்டபத்து வாசலில் பொம்பிளையை வரவேற்க மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நாதஸ்வரக்காரர் ஒதுங்கி நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கார் வருகிறது என்று கையைக் காட்டி முன்னால் வந்தது நிருஷனின் அப்பா தவராசா. கார் அவரை வாசல் தூணோடு சேர்த்து நசித்தது. தட்டு பறந்தது. தவில் உருண்டு றோட்டுக்குப் போனது. காரின் என்ஜின் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

ஜெயந்தன் வந்தபோது பத்துப் பேர் சேர்ந்து காரைப் பின்னால் தள்ளித் தவராசாவை எடுத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே வேட்டி முழுக்க இரத்தம். அவர் அலறவில்லை. "பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே, பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே" என்று காரைக் காட்டித் திரும்பத் திரும்பக் கேட்டார். சாரங்காவின் நெற்றி கண்ணாடியில் கிழிந்து தோல் புருவத்தில் தொங்கியது. பட்டுச் சேலையின் சிவப்பில் இரத்தம் எது என்று தெரியவில்லை.

முத்துலிங்கத்தைக் கதவால் இழுத்து வெளியில் போட்டார்கள். பந்தலில் கட்டியிருந்த கமுகந்தடியைப் பிடுங்கி முதலில் அடித்தது நிருஷன். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாய் நின்ற மாப்பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்கதிர்க் கட்டை அடிப்பது போல் அடித்தான். பிறகு எல்லோரும் அடித்தார்கள். கதிரையால், செருப்பால், வாசலில் கிடந்த கல்லால். தாடை உடைந்த சத்தம் ஜெயந்தனுக்குக் கேட்டது. ஆரோ மோட்டார் சைக்கிளில் இருந்து பெற்றோல் இறக்கிக் காரில் ஊற்றினார்கள். மல்லிகை மாலையில்தான் முதலில் நெருப்புப் பிடித்தது. பிறகு தோல் இருக்கை எரிகிற மணம் வந்தது.

"இவனையும் தூக்கி உள்ளுக்குப் போடுங்கோடா!"

இரண்டு பேர் முத்துலிங்கத்தின் காலைப் பிடித்தார்கள். ஜெயந்தன் ஆட்களுக்குள் புகுந்து அவர் மேல் குப்புற விழுந்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். அந்த மனுசனில் அவனுக்கு ஒரு துளி இரக்கமும் இருக்கவில்லை. ஒரு ஆளை உயிரோடு எரிக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அடிகள் இப்போது அவன் முதுகில் விழுந்தன, கம்பி விழுந்த அதே இடத்தில்.

நிருஷன் அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினான். "நீ ஆரடா?"

"இந்தக் காரின்ர டிறைவர்."

"பிறேக் இல்லையெண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் ஓட்டவில்லை. அவனும் அடிபட்டவன்தான். ஆனால் அந்த இடத்தில், தவராசாவின் இரத்தம் வாசல் கோலத்தில் ஊறிக்கொண்டிருந்தபோது, பொய் வாயில் வரவில்லை.

"ஓம். செவ்வாய்க்கிழமையே தெரியும். செக் பண்ணின பத்திரம் என்ர பொக்கற்றில கிடக்கு."

"தெரிஞ்சுகொண்டோடா பொம்பிளையை ஏத்த விட்டனி?"

கமுகந்தடி இரண்டு தரம் இறங்கியது. முதல் அடிக்குக் கையை மறித்தான், முழங்கைக்குக் கீழே முறிந்தது. இரண்டாவதுக்கு மறிக்கவில்லை. பொலிஸ் வந்து வானத்தை நோக்கிச் சுட்டபிறகுதான் கூட்டம் விலகியது.

தவராசா ஆஸ்பத்திரி போகிற வழியில் இறந்துபோனார்.

இரண்டாம் நாள் ஜெயந்தனுக்கு நினைவு தெளிந்தபோது நாலு கட்டில் தள்ளி முத்துலிங்கம் கிடந்தார். கட்டிலோடு விலங்கு. தாடைக்குக் கம்பி போட்டிருந்தார்கள். கதைக்க முடியாதவர் பொலிசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்: பிறேக்கைத் திருத்தியது டிறைவர், காரைக் கொண்டுபோகலாம் என்று சொன்னதும் டிறைவர்தான். வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் அதை வாசித்துக் காட்டினார். ஜெயந்தன் கடைசி வரைக்கும் கேட்டான். பிறகு சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாலு கட்டிலையும் கடந்து போய், முறியாத கையால் முத்துலிங்கத்தின் தொண்டையைப் பிடித்தான்.

பிடி இறுகியது. அவர் கண்கள் பிதுங்கின. விலங்கு கட்டில் கம்பியில் கிணுகிணுத்தது. ஒன்பது வருசமும் அந்த ஒரு கைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. மூன்று பேர் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுத்தார்கள். எரிக்க விடாமல் மேலே விழுந்து காப்பாற்றிய ஆளை, தானே கொல்லப் பார்த்தான்.

பொலிஸ்காரரிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். கம்பி அடி, றபர் சுற்றியது, தொண்டையைப் பிடித்தது. பொக்கற்றில் போனை வைத்ததையும் சொன்னான். அது வழக்குக்குத் தேவையில்லை என்று அவர் எழுதவில்லை. பத்திரம் அடிபிடியில் தொலைந்திருந்ததால் பரமேஸ்வரன் தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். முத்துலிங்கத்தைக் கட்டிலில் இருந்தே விளக்கமறியல் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

சிவரூபி சாமான்களை ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி விசுவமடுவில் தாய் வீட்டுக்குக் கொண்டுபோனாள். காதில் ஒன்று சரியாய்க் கேட்காததால் ஜெயந்தன் இப்போது கார் ஓடுவதில்லை, வயலுக்கு உழவு மெசின் ஓடுகிறான்.

அடித்ததற்கும் எரித்ததற்கும் நிருஷனோடு ஆறு பேர் மேல் தனி வழக்கு. கையை முறித்தது யார் என்று நீதவான் ஜெயந்தனைக் கேட்டார். நிருஷன் கூண்டில் தலையைக் குனிந்து நின்றான். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து மொட்டையடித்த தலையில் மயிர் அரும்பியிருந்தது.

"கனபேர் நிண்டவை ஐயா. முகம் பார்க்கேல்லை."

நீதவான் திரும்பவும் கேட்டார். அவன் திரும்பவும் அதையே சொன்னான்.

வெளியே வந்தபோது சாரங்கா மர நிழலில் நின்றாள். நெற்றித் தழும்பு புருவத்தை இரண்டாய் வெட்டியிருந்தது. கலியாணம் இன்னும் நடக்கவில்லை. நடக்குமோ என்று ஒருவருக்கும் கேட்கத் துணிவில்லை. அவள் அவனை நோக்கி வந்தாள்.

"அண்ணா, அண்டைக்கு றோட்டில கையைக் காட்டேக்க நான் சும்மா சிரிச்சனான். ஏதோ பகிடிக்கு எண்டு நினைச்சன்."

"தெரியும் தங்கச்சி."

"வெளிக்கிடுறதுக்கு முதல் ஒரு கோல் எடுத்திருக்கலாமே. என்ர நம்பர் உங்களிட்ட இருந்ததுதானே?"

"இருந்தது."

அவனுக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது.

"பயந்திட்டன்."

சாரங்கா திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. தகப்பன் கூப்பிடப் போய் ஓட்டோவில் ஏறினாள். ஜெயந்தன் பரந்தன் பஸ்ஸுக்கு நடந்தான். நடக்கிறபோது முழங்கால் நொந்தது.