முகம் கழுவ மாட்டேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பீவர் கிரீக் மண் தடத்தில் நடந்த இருநூறு சுற்றுக் கார் பந்தயத்தை ஜெயித்தது நான்தான். ஆர்ஃபா சைஸ்மோர். கோப்பை என் தம்பி கார்லண்ட் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இருக்கட்டும். துருப்பிடித்துப் போகட்டும்.

அந்தத் தடத்தில் பெண்களுக்கும் ஒரு பந்தயம் வைப்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆண்கள் பந்தயத்துக்கு நடுவே, தடத்துக்குத் தண்ணீர் தெளித்து முடிக்கும்வரை ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டுமே, அதற்காகப் பத்துச் சுற்று. நாங்கள் ஓட்டுவோம், ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். நான் இரண்டு தடவை ஜெயித்தேன். முதல் தடவை இஸ்திரிப் பெட்டி கொடுத்தார்கள், அடுத்த தடவை ஒரு பன்றித் தொடை. இரண்டு தடவையும் ஒலிபெருக்கி, "கார்லண்டோட அக்கா ஜெயிச்சிட்டா!" என்றுதான் அலறியது. எனக்கு என் அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அந்த ஒலிபெருக்கியில் அதை ஒரு தடவை கேட்க வேண்டும், எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கார்கள் நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்துக்குள் பெண்கள் காலை வைக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் நான் கம்பிவேலிக்கு வெளியே எங்கள் டிரக்கில் சாய்ந்துகொண்டு அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். வேர்க்கடலை அங்கே பெரிய குற்றம். பந்தயக்காரன் பக்கத்தில் கடலைத் தோல் கிடந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாவுதான் என்று நம்புகிற கூட்டம் அது. பச்சை நிறமும் அப்படித்தான். எங்கள் காரோ முழுப் பச்சை! மாமா டிராக்டருக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருந்தது, சும்மா கிடைத்தது, அடித்துவிட்டோம்.

"ஏண்டா கார்லண்டு, சவப்பெட்டிக்கு நல்லா கலரு பாத்து அடிச்சிருக்க!" என்றான் லோனி டீக், பந்தயம் தொடங்கும் முன்பே. அந்த வட்டாரத்தில் லோனியை அடிக்க ஆள் இல்லை. அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

நாற்பது சுற்றுகூட ஆகியிருக்காது. கார்லண்ட் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். கதவைத் திறந்தவன் அப்படியே மண்ணில் சரிந்து வாந்தியெடுத்தான். ராத்திரி குடித்தது பாதி, வெயில் பாதி. எங்கள் மெக்கானிக் ஹோபர்ட் அவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மாற்று ஆள் தேடி ஓடினான். களைத்தவன் இறங்கினால் இன்னொருவன் ஏறி ஓட்டலாம், அது எல்லாரும் செய்வதுதான். பழுதாகி ஒதுங்கிய கார்களின் ஓட்டுநர்கள் ஆறேழு பேர் அங்கேயே சும்மா நின்றிருந்தார்கள்.

"யாராச்சும் ஏறுங்கப்பா! வண்டி குதிரை மாதிரி ஓடுது!" என்று கெஞ்சினான் ஹோபர்ட்.

"பச்ச வண்டியிலயா? எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குடா."

"நீயே ஏறிக்கயேன்."

"என் கண்ணு லட்சணம் தெரியாதா உனக்கு? தடுப்புல கொண்டுபோய் சொருகிருவேன்!"

ஆறடி ஆண்பிள்ளைகள்! மலைப்பாதையில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சாராயம் கடத்தினேன் என்று மார்தட்டுகிறவர்கள். ஒரு டப்பா டிராக்டர் பெயிண்டுக்குப் பயந்து நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டைத் தொற ஹோபர்ட்டு" என்றேன்.

"அக்கா, உள்ள வந்தா வம்புக்கா..."

"தொறக்கிறியா, ஏறிக் குதிக்கட்டுமா?"

திறந்தான். கார்லண்டின் ஹெல்மெட்டையும் புழுதிக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு ஏறினேன். பார்வையாளர் வரிசை தடத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து யாரும் பார்க்கவில்லை. மாற்று ஆள் ஏறினால் நடுவரிடம் சொல்ல வேண்டும். ஹோபர்ட் வாயைத் திறக்கவில்லை. என்னவென்று போய்ச் சொல்வான், பாவம்.

நான் எப்படி ஓட்டினேன் என்று நானே சொன்னால் பீற்றல் என்பீர்கள். என்றாலும் சொல்வேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. முன்னால் போகும் கார்கள் வாரியடிக்கும் செம்மண், முகத்தில் அடை அடையாக அப்பியது. பல்லுக்கிடையில் மண். ஸ்டியரிங் உலுக்கிய உலுக்கலில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒவ்வொருவராகத் தாண்டினேன். கடைசியில் லோனி ஒருவன் மிச்சம்.

அவன் வளைவின் உள்பக்கத்தை விடவேயில்லை. இரண்டு தடவை மூக்கை நுழைத்துப் பார்த்தேன், இரண்டு தடவையும் இடித்துத் தள்ளினான். வெளிப்பக்கம் பலகைத் தடுப்பு ஓரத்தில் உதிரி மண் குவிந்து கிடக்கும், புத்தியுள்ளவன் அங்கே போகமாட்டான். கடைசிச் சுற்றில் நான் அங்கே போனேன். பின்சக்கரம் பலகையை உரச, நாலைந்து பலகை சிம்புசிம்பாகப் பறந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வளைவு முடியும்போது லோனி எனக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் திரும்பிப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கொடி விழும்போது எனக்குப் பின்னால் இருந்தான்.

வண்டியை உள்ளே கொண்டுவந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். பந்தயம் நடத்தும் ரேம்சர், 'மிஸ் பீவர் கிரீக்' பட்டம் வாங்கிய பெண்ணையும் போட்டோக்காரனையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அட கடவுளே! பொம்பள!"

அதற்குள் லோனி கத்திக்கொண்டு வந்தான். "செல்லாது! ஆள மாத்திட்டானுங்க! எவனோ வெளியூர்க்காரன ஏத்தியிருக்கானுங்க, நடுவருகிட்ட ஒரு வார்த்த சொல்லல! கோப்பை எனக்குத்தான் வரணும்!"

"ஆமா லோனி, மாத்திட்டாங்க" என்றார் ரேம்சர். என்னைக் கைகாட்டினார். "ஓட்டினது இவதான்."

லோனி என்னைப் பார்த்தான். முகம் முழுக்கச் செம்மண், புழுதிக் கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வளையம். அவன் முகமும் அதே கோலத்தில்தான் இருந்தது. அந்த மண்ணுக்கடியில் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு சொன்னா?" என்றான், மெதுவாக. "கார்லண்டுதான் ஓட்டினான். நான் என் கண்ணால பாத்தேன். நல்லா ஓட்டினான் பய."

எப்படி இருக்கிறது கதை! வெளியூர்க்காரனிடம் தோற்றிருந்தால் சண்டை போட்டுக் கோப்பையைப் பிடுங்கியிருப்பான். என்னிடம் தோற்றேன் என்று ஊர் அறிவதைவிட, கோப்பையே வேண்டாம் என்றான். ரேம்சருக்கோ அப்போதுதான் மூச்சு வந்தது. என் தடத்தில் பொம்பளை ஜெயித்தாள் என்று தெரிந்தால் ஒரு பயல் இனி இங்கே பந்தயத்துக்கு வருவானா என்று முணுமுணுத்தார்.

டிரக் நிழலில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கார்லண்டை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். போட்டோக்காரன் தலையைச் சொறிந்தான்.

"இவரு மூஞ்சி பளபளன்னு இருக்கே சார். மாப்பிள்ளை மாதிரி."

உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? என் காரின் மட்கார்டிலிருந்து ஈர மண்ணை வழித்து என் தம்பி முகத்தில் பூசினார்கள். கண்ணைச் சுற்றி விரலால் துடைத்து வளையம் போட்டார்கள். கார்லண்ட் கண்ணை மூடிக்கொண்டு, பவுடர் போட நிற்கும் குழந்தை மாதிரி நின்றான்.

"டேய், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுடா" என்றேன்.

"விடுக்கா... எல்லாம் ஒரே வீடுதானே. உன் பேரு என் பேருன்னு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா என் பேரச் சொல்லேன்!"

ரேம்சர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா, அந்தப் பம்புல போய் மூஞ்சியக் கழுவிக்க. நல்ல பொண்ணுல்ல. அடுத்த தடவ பொம்பளைங்க பந்தயத்துல உனக்குன்னு பெரிய பரிசா வைக்கிறேன்."

"என்ன, இன்னொரு இஸ்திரிப் பெட்டியா? உங்க வேட்டைநாய்க்குச் சட்ட தேச்சுப் போடுங்க! முகம் கழுவ மாட்டேன்."

ஒலிபெருக்கியில் கார்லண்டின் பேர் முழங்கியது. அந்த 'மிஸ் பீவர் கிரீக்' பெண் அவனுக்கு முத்தம் கொடுத்தாள், அவள் உதட்டில் மண் ஒட்டியது. அவன் மைக்கைப் பிடித்து, "கடைசி வளைவுல உள்பக்கமா புகுந்து லோனியப் புடிச்சேன்" என்றான். உள்பக்கமாம்! உடைந்த பலகைகள் எதிரே பல்லிளித்துக்கொண்டு கிடந்தன. லோனி பக்கத்தில் நின்றான், தலையை ஆட்டினான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் மண் கரைந்துவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

வெளியே போக எல்லாருக்கும் ஒரே வாசல். நான் அங்கே போய் நடுவில் நின்றுகொண்டேன். பாக்கெட்டில் கை விட்டால் மிச்ச வேர்க்கடலை. பந்தயம் முழுக்க அந்தப் பச்சைக் காருக்குள் என்னோடு சுற்றியிருக்கிறது. உரித்துத் தின்றேன். தோலைக் காலடியிலேயே போட்டேன்.

கூட்டம் எனக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. முதலில் பெண்கள்தான் பார்த்தார்கள். என் முகம், வளையம், உரிந்த உள்ளங்கை. ஒருத்தி புருஷனை முழங்கையால் இடித்தாள். இன்னொருத்தி நின்று, "உள்பக்கமாவா தாண்டினீங்க?" என்று கேட்டாள். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். "அதானே! நானும் பாத்தேனே!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

கடைசியில் லோனி வந்தான், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் என்னைப் பார்க்காமல் நடந்தான். அவள் நின்றுவிட்டாள். காலை முதல் பார்வையாளர் வரிசையின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் காலடியில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"லோனி, நீ இன்னிக்கு யாருகிட்ட தோத்த?"

நூறு பேர் நின்று கேட்டார்கள். லோனி கார்லண்டின் பேரைச் சொல்ல வாயைத் திறந்தான், வரவில்லை. அவள் விடவில்லை.

"சொல்லேன். பேரு தெரியாதா?"

"தெரியும்" என்றான் தரையைப் பார்த்து.

"அப்பச் சொல்லு."

"ஆர்ஃபா" என்றான். "ஆர்ஃபா சைஸ்மோர்."

"சத்தமாச் சொல்லு லோனி" என்றேன் நான். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."