லூசேராவுக்குத்தான் முதல் கறவை

பிரிசெய்டாவின் ஏழு மாடுகளில் முதலில் மடி வீங்கியது லூசேராவுக்குத்தான். பால் திரிதிரியாக வந்தது, தொட்டாலே துடித்தது. வலியோடு காத்து நிற்க வேண்டாமென்று, மூன்று மாதமாக அதைத்தான் அவள் முதலில் கறந்தாள். விடிந்து கதவைத் திறந்தால் போதும், மற்ற மாடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு லூசேரா முன்னால் வந்து நிற்கும்.

பிறகு இன்னும் மூன்று மாடுகளுக்கு மடி கல்லாகிப்போனது. பழி, உருளைக்கிழங்குக் காட்டு வேலை முடித்து வந்து சில மாடுகளைக் கறந்துகொடுக்கும் புருஷன் எலியேசர்மேல் விழுந்தது.

"அது கையா, உருளைக்கிழங்குக் காடா? இனிமே மாட்டுப் பக்கம் வராதீங்க."

வாளியைப் பிடுங்கிக்கொண்டு, பொயாகா மலைக் குளிரில் விரல் விரைக்க ஏழு மாடுகளையும் அவளே கறந்தாள். அப்படியும் ஐந்தாவது மாட்டுக்கு வந்துவிட்டது. பிடிவாதக்காரிக்கு அப்போதும் தன்மேல் சந்தேகம் வரவில்லை.

கால்நடை மருத்துவர் நூபியா வந்தார். நான்கு குழித் தட்டில் லூசேராவின் காம்புக்கு ஒரு பீச்சாகப் பாலெடுத்து, மருந்தூற்றிச் சுழற்றினார். நான்கு குழியிலும் பால் கூழாக இறுகியது; நான்கு காம்பிலும் நோய். மடி துடைக்க எத்தனை துணி என்று கேட்டார். ஒன்றுதான், தினமும் வெந்நீரில் அலசுவேன் என்று பிரிசெய்டா பெருமையாகச் சொன்னாள்.

"முதல்ல எதைக் கறப்பீங்க?"

"லூசேராவை. வலிக்குமே, பாவம்."

நூபியா தட்டைக் கீழே வைத்தார். "இந்தக் கிருமி மடிக்குள்ளயே குடியிருக்கும்மா. அந்தத் துணியும் உங்க கையும்தான் அதை அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோயிருக்கு. நோய் கண்டதைக் கடைசியாத்தான் கறக்கணும்."

லூசேராவுக்கு இதுவரை போட்ட ஊசிகள் ஏன் கேட்கவில்லை என்பதையும் சொன்னார். மடிக்குள் தழும்பேறிச் சுவர்போல் ஆகிவிட்டது. மருந்து உள்ளே போகாது, கிருமி மட்டும் வெளியே வரும். மற்ற மாடுகள் தேற வேண்டுமானால் லூசேராவை இறைச்சிக்கு அனுப்பியாக வேண்டும். தனியாகக் கட்டி வைத்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தாள் பிரிசெய்டா. இருப்பது ஒரே கொட்டகை, ஒரே மேய்ச்சல், கறப்பதும் அதே கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்திருந்தது.

எலியேசர் வெல்லத் தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலை லாரி வந்தது. இழுத்து ஏற்றக் கயிறோடு வந்த ஆளுக்கு வேலையே இல்லை. பிரிசெய்டா கதவைத் திறந்ததும், மற்ற மாடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு லூசேரா முன்னால் வந்து நின்றது.

"நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்கம்மா" என்றான் அவன்.