பனிக்குள் போன பந்து

சவரிமுத்துவுக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. மட்டைப் பையை இறக்கி வைத்தான். கோல்ஃப் ஆடும் என்ஜினியருக்கு விடியற்காலையில் தினமும் ஒரே வரிசைதான்: பிளாஸ்க் காப்பி, தொண்டைச் செருமல், காற்றில் மூன்று வீச்சு, நாலாவதாகப் பந்தில் அடி. அதுவரை பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

இன்று கறம்பக்குடிக்கு கேம்ப் போகவேண்டும் என்று கால்மணி முன்னதாகவே வந்துவிட்டார். எதிரே பந்து விழும் குழியைச் சுற்றி மணலைக் கூட்ட அவன் மனைவி அருளாயி போயிருந்தாள். அவளுக்கு ஏழு மாதம். யுத்தத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காததால் கையில் விளக்கும் இல்லை. தை மாதப் பனியில் எதுவும் தெரியவில்லை.

"ஐயா, அங்கிட்டு அருளாயி இன்னும் கூட்டுதுங்க..."

"ஒதுங்கத் தெரியாதா அவளுக்கு? வாயை மூடுடா."

ஒரு வீச்சு. போன வாரம் இந்தப் பந்து பட்டு ஒரு வெள்ளாடு சுருண்டு செத்ததை அவன் பார்த்திருந்தான். இரண்டு. பனிக்குள் உற்றுப் பார்த்தான். மூன்று.

"ஒதுங்கு புள்ள! பந்து வருது!"

மட்டை பிசகியது. பந்து கள்ளிக்காட்டுப் பக்கம் பறந்து மறைந்தது.

அருளாயி விளக்குமாறோடு பனிக்குள்ளிருந்து வந்தாள். "எதுக்குய்யா இந்தக் கத்து கத்துறே? வயித்துப் புள்ளையே முழிச்சிருச்சு."

அவன் விளக்குமாறை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"சீமைப் பந்துடா அது! இப்ப கப்பலே வர்றதில்லே," என்றார் என்ஜினியர். "கொண்டாந்து குடுக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் இங்கே வேலை கிடையாது."

பொழுது சாயும்வரை இருவரும் முள்ளுக்குள் தேடினார்கள். கிடைக்கவில்லை. என்ஜினியருக்கு அவர்கள் ஒரு பந்து கடன்பட்டிருந்தார்கள்.