'நாளைக்கு' என்றொரு இசைக்குழு

1.

காலையில் எழும்புகிறான். அடுப்பு மூட்டுகிறான். தேத்தண்ணி ஒரு கோப்பை. முகம் கழுவுகிறான். சைக்கிளைச் சுவரில் சாத்திப் பின்சில்லுக்குக் காற்றடிக்கிறான். நேற்று அடித்த காற்று அப்படியே இருக்கிறது. என்றாலும் அடிக்கிறான்.

மேடையில் வாசிக்க நாலு வரி எழுதித் தருவதாக அவன் ஒருவனுக்குச் சொல்லியிருந்தான். அந்த நாலு வரிதான் இப்படி நீண்டுவிட்டது.

("நான்" என்று தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. ஆகவே "அவன்". பெயர் நிருஷன்.)

2.

முதல் தொடக்கம்: "மின்சாரமற்ற வன்னியில் இளைஞர்களின் இசைத் தாகமானது…"

வேண்டாம். பரீட்சைக் கட்டுரை.

இரண்டாவது: விசுவமடுவில் ஒரு இசைக்குழு இருந்தது. உழவு இயந்திரப் பற்றரியில் ஒலிபெருக்கி. நிருஷன் கிற்றார், பிரதீபன் ட்ரம்ஸ். எப்போது பழகுவது என்று ஒருவன் கேட்டால் மற்றவன் "நாளைக்கு" என்பான். அதுவே குழுவின் பெயராயிற்று.

ஒட்டுசுட்டானில் நிகழ்ச்சியன்று காலை கோயில் மதிலில் எழுதினார்கள்: "நாளைக்கு இன்னிசை விருந்து." அன்றிரவு வந்த சனம் முன்வரிசையை நிரப்பவே காணாது. மறுநாள் பின்னேரம் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த நிருஷனுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளை நிறுத்தினாள்.

"எங்கை பாட்டு?"

"நேற்று முடிஞ்சுது."

"நாளைக்கு எண்டெல்லோ மதிலிலை கிடக்கு?"

"அது எங்கடை பேர்."

அவள் மதிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இப்பிடிப் பேர் வைச்சால் உங்களுக்கு ஆர் பொம்பிளை தருவினம்? கேட்டால் நாளைக்கு எண்டுதான் சொல்லுவினம்."

அவள் கஜனி. அடுத்த வருடம் தந்தார்கள்.

(ஒரு பெயர் குழுவை மாற்றுமா? மாற்றும். பிந்தித் தொடங்குவது இவர்களுக்கு ஒரு கடமை போலாயிற்று. முதற்பாட்டுக்கு முன் சனம் "இண்டைக்கோ, நாளைக்கோ?" என்று கத்தும், அந்தக் கூச்சலுக்காகவே வந்தவர்களும் உண்டு. தவறவிட்ட ரசிகர்கள் தங்களை "நேற்று ஆக்கள்" என்று சொல்லிக்கொண்டார்கள். முதல் நேற்று ஆள் கஜனி.)

3.

மாரி மழை முடிய அவளுக்கு மலேரியா. சைக்கிள் கரியரில் இருத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனான். கட்டில் கிடைத்தது. மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தான். உடுப்போடு திரும்பிப் போனபோது கட்டிலில்…

(இந்த வசனம் இவ்வளவுதான்.)

போன கிழமை பிரதீபன் வந்தான்.

"மச்சான், ஸ்கந்தபுரத்திலை எங்கடை நிகழ்ச்சி. நீ வாசிக்காட்டியும் பரவாயில்லை. ஒண்டு மட்டும் சொல்லு."

"என்ன?"

"கஜனி கடைசியாச் சொன்னது 'நாளைக்கு' எண்டு சனம் கதைக்குது. உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"நேற்று ஆக்கள்தான். அறிவிப்பாளர் அதை மேடையிலை சொல்ல நிக்கிறார். ஓமெண்டு சொல்லடா. ஒருத்தனும் எழும்பிப் போகமாட்டான். எங்கடை பேரும் நிலைக்கும், அவளின்ரை பேரும் நிலைக்கும்."

பிரதீபன் கெட்டவன் அல்ல. செத்தவீட்டில் கடைசிவரை நின்றவன்.

"எழுதித் தாறன்" என்றான் நிருஷன்.

4.

முடிவு (அ): கட்டிலில் இருந்தபடி அவள் கையசைக்கிறாள். "நாளைக்கு வாங்கோ" என்கிறாள். விளக்கு அணைகிறது. ட்ரம்ஸ் மெதுவாகத் தொடங்குகிறது.

நல்ல முடிவு. சனம் அழும். எழுதியவனே இரண்டு தரம் வாசித்தான்.

முடிவு (ஆ): அவள் ஒன்றும் சொல்லவில்லை. இது மரியாதையான பொய்.

சிக்கல் இதுதான். (அ) ஒருமுறை ஒலிபெருக்கியில் ஒலித்தால், அடுத்த மாரிக்குள் அவனுக்கும் அதுதான் ஞாபகத்தில் இருக்கும். அவளுடைய சேலைகளைத் தங்கச்சிக்காரி கொண்டுபோய்விட்டாள். படம் ஒன்றுதான் இருந்தது, அதில் கறையான். மிச்சம் இருப்பது ஒரு வசனம். அதில் கவிதை இல்லை. இசைக்குழுவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும்…

எதை வாசிப்பது என்பதை, இந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர் தீர்மானிக்கட்டும். அவள் சொன்னதை மட்டும் கீழே எழுதி வைக்கிறான். அவன் உடுப்பெடுக்கப் புறப்பட்டபோது, தலையணையில் இருந்து தலையைத் தூக்கி, யன்னலால் சைக்கிளைப் பார்த்துச் சொன்னாள்:

"பின்சில்லுக்குக் காத்துக் காணாது. அடிச்சிட்டுப் போங்கோ."