ஐந்தாவது மடி

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து வந்தது: "ஐந்து பேர். நாலு மடி. குழி மூடியாச்சு."

கே.ஜி.கண்டிகைப் பக்கம் கிராம நர்சாக இருந்த கௌரியம்மாளின் நோட்டில் அந்த வரி இருக்கிறது. முன் பக்கத்தில் அம்மைக் குத்தல். பின் பக்கத்தில் ஒரு பிரசவம். வரிக்கு அவரே விளக்கம் சொன்னார். முடிவை மட்டும் சொல்லவில்லை. கேட்டேன். "எனக்கே தெரியாதுப்பா" என்றார்.

2

முதல் தொடக்கம்: "அம்சாவின் கோழி சாய்ந்து சாய்ந்து நடந்தது." நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாசகர் கோழிக்கு இரங்கிவிட்டு மனிதர்களிடம் தாமதமாக வருவார். கோழி பிறகு வரட்டும்.

இரண்டாவது: "பாதரசம் என்பது வெள்ளி போல உருண்டு ஓடும் ஒரு" – பாடப்புத்தகம். தவிர, இங்கே அது உருளவில்லை. இளஞ்சிவப்புப் பொடியாக விதைக்கடலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

3

வீராசாமி தன் நிலத்தில் வருடாவருடம் வேர்க்கடலை போடுவார். ஏர்ச்சாலில் விதை போடுகிறவர்கள் பெண்கள். வீடு திரும்பும்போது மடியில் கொஞ்சம் முடிந்துகொள்வார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. வீராசாமியும் மடியைப் பார்க்கமாட்டார். அதற்குப் பதில் விதையில் மண்ணெண்ணெயும் செம்மண்ணும் பிசறிவிட்டுச் சொல்வார்: "மருந்து கலந்துகீது. தின்னா செத்தீங்க."

பெண்கள் கழுவிக் காயவைத்து வறுத்தார்கள். பன்னிரண்டு வருடம் யாரும் சாகவில்லை.

1974இல் விதை அழுகாமலிருக்க, விவசாய டிப்போவில் பாதரசம் சேர்ந்த பொடியைக் கலந்து கொடுத்தார்கள். வீராசாமி அதே வார்த்தையைச் சொன்னார். பெண்கள் அதே சிரிப்பைச் சிரித்தார்கள்.

4

கௌரியம்மாள் அந்தப் பெண்கள் குடியிருந்த காலனிக்குள் போனபோது ஆடிக்கிருத்திகைக்கு மூன்று நாள் இருந்தது. பொடி டப்பாவில் மண்டையோடு போட்டிருப்பதை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் உதடு மரக்கும், பிறகு கை நடுங்கும், நடை தள்ளாடும். தெரியவர வாரக்கணக்கில் ஆகும். தெரிந்தபின் மருந்து பெரிதாக இல்லை. நல்லவேளை, பெண்கள் இன்னும் தின்னவில்லை. கிருத்திகைக்கு வெல்லம் போட்டு உருண்டை பிடிக்க வைத்திருந்தார்கள்.

"அந்தக் கடலை விஷம்" என்றார்.

அந்த வருடம் விதை போட்ட ஐவரில் மூத்தவளான கன்னியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "வீராசாமி நைனா அனுப்பிச்சாரா உங்கள? இந்த வருஷம் அவரு வாய் வலிக்குதுன்னு உங்கள சொல்லச் சொன்னாரா?"

"நெஜமா விஷம்மா."

"ஆங். போன வருஷமும் நெஜம்தான்."

கௌரியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. தான் சொல்லும் ஒவ்வொரு உண்மையும் ஏற்கெனவே இந்த ஊரில் பொய்யாகச் சொல்லப்பட்டுவிட்டது. நேராக வீராசாமியிடம் போனார்.

"நீங்க வந்து, பொய் சொன்னேன்னு சொல்லணும்."

"இன்னா பொய்? இந்த வருஷம் நெஜந்தானே சொன்னேன்."

"அதனாலதாங்க. பழைய பொய்ய ஒத்துக்கினாதான் புது நெஜத்த நம்புவாங்க."

(இங்கே வீராசாமியின் மனப்போராட்டம் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார். எடுத்துவிட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.)

காலனி வேப்பமரத்தடியில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "இத்தினி வருஷமா அது வெறும் கெரசின்தான். மருந்து இல்ல."

"தெரியும் நைனா" என்றாள் கன்னியம்மாள். "எங்களுக்கு மூக்கு இல்லையா? விளக்குக்குக் கெரசின் கிடைக்காத ஊர்ல கடலைக்கு ஊத்தறீங்களேன்னுதான் வருத்தம்."

பெண்கள் சிரித்தார்கள். வீராசாமி சிரிக்கவில்லை.

"இந்த வருஷம் மோந்து பாத்தியா?" என்று கேட்டார். "கெரசின் வாசனை வருதா?"

கன்னியம்மாளின் வாய் மெல்வதை நிறுத்தியது. எழுந்து உள்ளே போனாள். பானையோடு வந்தாள். அவள் பின்னால் மூன்று பேர் வந்தார்கள். எடுத்தோம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் எடுத்தீர்கள் என்று வீராசாமியும் கேட்கவில்லை.

5

அம்சா வரவில்லை.

(ஒரு வரைவில் அவளைக் கர்ப்பிணியாக்கினேன். உங்களைப் பயமுறுத்த அது சுலபமான வழி. அழித்துவிட்டேன். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், வரலட்சுமி. அது நான் சேர்த்தது இல்லை.)

"நான் எடுக்கலீங்க" என்றாள் அம்சா, வாசலுக்கு வந்த கௌரியம்மாளிடம்.

"உன் கோழி நிக்க முடியாம விழுதே."

"கோழி ஊரெல்லாம் மேயுது. அதும் வாயில நானா ஊட்டினேன்?"

முந்தின வருடம் வீராசாமியின் மோட்டார் கொட்டகையில் ஒயர் காணாமல் போனது. அம்சாவின் புருஷன் பெருமாள்தான் எடுத்தான் என்றார் அவர். அம்சா மலையேறி, முருகன் எதிரில் சூடத்தைக் கையால் அணைத்தாள். அவர் நிலத்துப் பொருள் ஒரு மணிகூட எங்கள் அடுப்பில் ஏறாது என்று சத்தியம் செய்தாள். ஊரே பார்த்தது. இப்போது வீராசாமி பத்தடி தள்ளி நிற்கிறார். பானையை வெளியே கொண்டுவந்தால் ஒயரும் அவள் வீட்டில்தான் இருந்ததாக ஆகிவிடும்.

கழுவினால் சிவப்புப் போய்விடும், விஷம் போகாது என்பதைக் கௌரியம்மாள் உரக்கச் சொன்னார், எல்லோருக்கும் சொல்வதுபோல. பார்வை மட்டும் வரலட்சுமி மேல் இருந்தது.

6

கிணற்றுக்கு எதிர்ப்புறம், மேட்டில் குழி வெட்டினார்கள். (மண்ணில் புதைப்பது சரியா என்று கேட்பீர்கள். அந்த வருடம் அவ்வளவுதான் தெரிந்தது.) நாலு பேர் கடலையும் கொட்டியாயிற்று. அதற்குள் செத்துப்போன கோழி முதலிலேயே அடியில் போய்விட்டது. கௌரியம்மாள் பையில் பிளீச்சிங் பவுடர் இருந்தது. மேலே தூவினால் வெள்ளையாகிவிடும். அப்புறம் யாராவது கொட்டினால் காலையில் தெரியும்.

தெரியும் என்றால் கொட்டமாட்டாள்.

பையைத் திறக்கவில்லை.

"இன்னிக்கு மூடப்போறதில்ல" என்றார். "குழியச் சுத்தி முள்ளு வெச்சிடுங்க, ஒரு ஆள் போற அளவுக்கு வழி விட்டு. நாளைக்குக் காலையில நான் வந்து மூடுவேன். காவல் வேணாம்."

"நாய் வருமே" என்றார் வீராசாமி.

"கோழி அடியில இருக்கு, நாய் கடலை தின்னாது. நீங்க வூட்டுக்குப் போங்க."

காலையில் வந்து பார்த்தார். கடலை கடலையாகத்தான் இருந்தது. கூடியதா, அதேதானா, சொல்ல முடியவில்லை. மண்ணைத் தள்ளினார். நோட்டில் எழுதினார்.

7

பத்து நாளில் அவருக்குப் பள்ளிப்பட்டுக்கு மாற்றல். அடுத்து வந்தவருக்கு ஒரு சீட்டு வைத்தார்: "அம்சா, வரலட்சுமி – கை நடுக்கம் பார்க்கவும்." பதில் இல்லை.

ஒரு முடிவு: அம்சா வந்தாள், கொட்டினாள். இதை எழுதினேன். எழுதியதும் கௌரியம்மாள் புத்திசாலியாகிவிட்டார், கதை பாடமாகிவிட்டது.

இன்னொரு முடிவு: அவள் வரவில்லை. எடுக்கவில்லை என்ற சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, கழுவினால் போதும் என்று அடுத்த நாள் அடுப்பை மூட்டி, மகளைக் கூப்பிட்டு – எழுத முடியவில்லை.

ஆகவே, நோட்டில் இல்லாத ஒன்றைத் தருகிறேன். அடுத்த வருடம், ஆடிக்கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் கௌரியம்மாள் படியேறுகிறார். பாதி வழியில் மோர்ப்பந்தல். மொண்டு ஊற்றுகிறவள் அம்சா. பக்கத்தில் டம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் வரலட்சுமி.

"நர்சம்மா, நீங்களா? வெயில்ல இப்டியா வருவாங்க? இந்தாடி, அவங்களுக்கு நீயே குடு."

அம்சா விளிம்பு வரை ஊற்றிவிட்டாள். சிறுமி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நீட்டுகிறாள்.

கௌரியம்மாள் மோரைத்தான் பார்க்கிறார். நான் இங்கே பேனாவை மூடுகிறேன். சிந்துகிறதா என்று நீங்கள் பாருங்கள்.