சுவரில் ஆண், சருகில் பெண்

ஜூன் மாதத்து முதல் மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியிருந்தது. கழக்கூட்டத்தில் தான் குடியிருந்த ஃப்ளாட்டுக்குப் பின்னால், மேட்டை வெட்டிவிட்ட இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்த செம்பாறைச் சுவருக்கு முன், காலை ஏழு மணிக்குக் குடையும் கையுமாகக் குந்தியிருந்த ஆவுடைத்தாய் "அடிப்பாவி!" என்று கத்தினாள். மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரர் ஒருவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். அவள் திட்டியது தன்னைத்தான்.

ஆவுடைத்தாயின் ஆராய்ச்சி ஹார்வெஸ்ட்மேன்களைப் பற்றியது. பார்க்கச் சிலந்தி மாதிரி எட்டுக் கால் இருக்கும். ஆனால் சிலந்தி அல்ல. சிலந்திக்கு இடுப்பு உண்டு, இதற்கு உடம்பே ஒரே உருண்டை. வலை கட்டாது, விஷம் கிடையாது, முதுகின் மேட்டில் இரண்டே கண். பிடித்தால் பிடித்த காலை நம் கையிலேயே விட்டுவிட்டு மற்ற கால்களோடு ஓடிப்போகும். மரத்தண்டில் நூல் போன்ற கால்களோடு உலாத்துவது ஒரு வகை, ஓடைப் பாறையின் இடுக்கில் ஒட்டியிருப்பது ஒரு வகை, சருகுக்கடியில் மண்ணை அப்பிக்கொண்டு செத்ததுபோலக் கிடப்பது இன்னொன்று. இந்த ஓடைக்கரையில் இருப்பது அடுத்த ஓடைக்கரையில் இருக்காது. அதனால் முகவரி தெரிந்தால் பாதி ஆளைத் தெரிந்த மாதிரி என்று ஆவுடைத்தாய் அடித்துச் சொல்வாள். அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

நான்கு வருஷத்துக்கு முன் இதே சுவரில், தொடையெல்லாம் முள்ளாகக் கறுத்த பூச்சி இரண்டு கிடைத்தன. இரண்டும் ஆண். சுவருக்குக் கீழே, ஒரு மீட்டர் தள்ளி, சருகைச் சலித்தபோது முள்ளே இல்லாத பழுப்பு நிறக் குண்டுப் பூச்சி மூன்று கிடைத்தன. மூன்றும் பெண். ஒன்று பாறையில் வாழ்வது, மற்றது சருகில் வாழ்வது; ஆகவே இரண்டு புதிய இனம் என்று எழுதினாள். இரண்டுக்கும் ஜோடி பின்னால் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சுவர்ப் பூச்சிக்குத் தன் கைடு பத்மகுமாரின் பெயரை வைத்தாள். சருகுப் பூச்சிக்கு அம்மா சுப்புலக்ஷ்மியின் பெயர்.

இப்போது கண்ணெதிரே பழுப்புப் பூச்சி சருகிலிருந்து சுவரேறி வந்து, பாறைக் குழியில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முள் பூச்சி அதன் முதுகை நீண்ட இரண்டாவது காலால் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றது. முட்டையிட்டு முடித்ததும் அம்மாக்காரி திரும்பிப் பார்க்காமல் சருகுக்கு இறங்கிப் போனாள். அப்பாக்காரன் முட்டைகளின்மேல் காலை விரித்துக் காவல் நின்றுகொண்டான். மழையோடு மழையாகப் பத்து மணிவரை பார்த்திருந்த ஆவுடைத்தாய்க்குச் சந்தேகம் என்பதே இல்லை. புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து இரண்டு இனமாக்கி உலகத்துக்கு அறிவித்திருக்கிறாள்.

இனம் ஒன்றென்றால் பெயரும் ஒன்றுதான். இரண்டில் எது போகவேண்டும்? இரண்டு பெயரும் ஒரே நாளில் ஒரே கட்டுரையில் வந்தவை, எனவே மூத்தது இளையது கிடையாது. திருத்தத்தை யார் முதலில் எழுதி அச்சேற்றுகிறாரோ அவர் சொல்வதுதான் நிற்கும். போன பெயரை அந்தப் பேரினத்தில் வேறொரு பூச்சிக்கு மறுபடி வைக்கவும் முடியாது. போனால் போனதுதான்.

ஆவுடைத்தாய் சுவரடியில் எடுத்த படங்களை எல்லாம் பத்மகுமார் சார் பார்த்தார். அவர் பேசுவது பாதி மலையாளம், பாதி தமிழ். அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில், அவர் பெயர் தாங்கிய பூச்சியின் படம் மூன்று வருஷமாக இருக்கிறது.

"ஆவுடே, இதை வேற யாராவது கண்டோ?"

"நான் மட்டும்தான் சார்."

"பின்னே என்ன அவசரம்? உலகத்துல இதைப் பாக்குற ஆளே பத்துப் பதினஞ்சு பேரு. கொறச்சு நாள் கழியட்டே."

"பாத்தாச்சுல்லா சார். இனி ரெண்டுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ நான் எழுதறேன். சீனியர் எழுதினா ஒரு மரியாதை உண்டல்லோ."

"தப்பு என்னோடது. நானே எழுதுதேன் சார்," என்றாள் ஆவுடைத்தாய். தப்புச் செய்வது அவளுக்குப் பிடிக்காது. தன் தப்பை இன்னொருவர் எழுதுவது அதைவிடப் பிடிக்காது. எந்தப் பெயர் நிற்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்ததை மட்டும் அவள் கவனித்தாள்.

பெயர் வைத்தபோது சாட்சிக்கென்று ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சியைப் போட்டுவைத்த இரண்டு சீசாவையும் அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் எடுத்து வைத்தாள். முள் பூச்சி முழுசாக இருந்தது, எட்டுக் காலும் உதிராமல். அம்மாவின் பூச்சிக்கு மூன்று கால்தான் மிச்சம். மற்றவை எல்லாம் சீசாவின் அடியில் தனித்தனியாகக் கிடந்தன. அதோடு, இந்தப் பூச்சிக் கூட்டத்தில் இனம் பிரிப்பது ஆண் உறுப்பை வைத்துத்தான். பெண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல். நாளைக்கு எங்கிருந்தோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அவருக்கு ஆண்தான் உதவும்.

அம்மாவின் பெயரை வைத்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைக்குமா என்று மத்தியானம் முழுக்கத் தேடினாள். காரணம் இல்லாமலே வைக்கலாம், பெயர் வைக்கும் சட்டம் தடுக்காது, யாரும் ஏனென்று கேட்கவும் மாட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்மகுமாரின் பெயர் நிற்கும் என்று எழுதினாள். எழுதிய பிறகு அழுகை வந்தது, அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு எழுத்துப்பிழை பார்த்தாள்.

திருத்தம் அச்சாகி வந்த அன்று பத்மகுமார் சார் அதை இரண்டு தடவை படித்தார்.

"இது எனக்கு வேண்டி செய்ததல்லல்லோ?"

"இல்ல சார். முழுசா இருந்தது அதுதான்."

அடுத்த வாரம் அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் படம் மாறியிருந்தது. ஆணும் பெண்ணும் முட்டையுமாக, ஆவுடைத்தாய் எடுத்த படம்.

அம்மாவிடம் சொல்லும் வேலை மிச்சமிருந்தது. ஆரியசாலைக் கடைவீதியில் புளியும் வத்தலும் மொத்தமாக விற்கிற கடையில் சுப்புலக்ஷ்மி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஆவுடைத்தாய் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என்ன மக்களே சொல்லுதே? புருசனும் பெண்டாட்டியும்னு தெரியாமயா நாலு வருசம் இருந்தே?" சுப்புலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ எந்தப் பேரு போச்சு?"

"உனக்குள்ளதும்மா."

"அந்த சாரு எழுதினாரா?"

"நான்தான் எழுதினேன்."

"என் பேரை வச்சிருக்க முடியுமா, முடியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "முடியும்மா," என்றாள் ஆவுடைத்தாய். "ஆனா அது சரியா இருக்காது."

சுப்புலக்ஷ்மி ஒரு மூட்டையின் வாயைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கண் நிறைந்துவிட்டது. "தெருவு பூராவும் சொல்லிட்டேனேட்டி," என்றாள். ஆவுடைத்தாய்க்கு அங்கே நிற்கவே முடியவில்லை. ஆனாலும் நின்றாள். எழுதினதை மாற்றி எழுத அவளுக்கு மனசில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள மட்டும் மனசிருந்தது. பிடித்துக்கொண்டாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எதிர்க்கடை அழகியநம்பி அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார். "என்ன அக்கா, மகளும் நீங்களும் ரகசியம் பேசுதியோ?"

சுப்புலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ரகசியம் என்ன அண்ணாச்சி. என் பேரு வச்ச பூச்சி தப்பாம். இவளேதான் கண்டுபுடிச்சா, இவளேதான் எழுதி என் பேரை வெட்டிட்டா. பெத்த அம்மையாச்சேன்னுகூட ஒரு நிமிசம் பாக்கலை, கேட்டியளா! எந்த வீட்டுல உண்டு இப்படி ஒரு பிள்ளை?"